பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நிமிர்ந்த பலகை

வங்கியில் வேலை என்று தெரிந்ததும் பிரிட்ஜ்டவுனில் பாதிப் பேர் யூடீன் இயர்வுட்டிடம் கடனுக்குச் சிபாரிசு கேட்டிருக்கிறார்கள். அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். இருபத்தாறு ஆண்டு வேலையில் அந்த வங்கியின் பணத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவருடைய வேலை பலகைகளைப் பார்ப்பது.

தீவுகள் வளர்ச்சி வங்கி தனி மனிதர்களுக்குக் கடன் கொடுப்பதில்லை, அரசாங்கங்களுக்குக் கொடுக்கும். துறைமுகம், சாலை, தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடம் என்று. கடலில் சிதறிக் கிடக்கும் தீவு நாடுகளும், அவற்றுக்காகப் பணம் போடும் வடக்கத்திப் பெரிய நாடுகளும் அதன் உறுப்பினர்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா நிதியமைச்சர்களும் ஒரு மண்டபத்தில் கூடி இரண்டு நாள் பேசுவார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் நாட்டின் பெயர் எழுதிய பலகை படுத்திருக்கும். பேச விரும்புகிறவர் அதைச் செங்குத்தாக நிமிர்த்தி வைக்க வேண்டும். கை தூக்குவதும் குரல் கொடுப்பதும் மரியாதை இல்லை.

மேடையின் இடது ஓரத்தில் கொஞ்சம் உயரமான நாற்காலி ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து, எந்தப் பலகை எப்போது நிமிர்ந்தது என்று மணியோடு தடித்த நோட்டில் எழுதுவார் யூடீன். எழுதியதை ஒரு துண்டுச் சீட்டில் பெயர்த்து, பக்கத்தில் இருக்கும் வங்கியின் செயலரிடம் கொடுப்பார். செயலர் அதைக் கூட்டத் தலைவர் முன் வைப்பார். தலைவர் பெயரைப் படிப்பார். அந்த நாடு பேசும். யூடீன் நோட்டில் ஒரு குறி போடுவார். குறி விழாத பெயர் ஏதாவது மிச்சமிருந்தால் அது அடுத்த அமர்வின் பக்கத்தில் முதல் வரியாக ஏறும். இந்தக் கடைசி வழக்கம் 1974-இல் வந்தது. அந்த ஆண்டு ஓர் அமைச்சர், தன்னைக் கூப்பிடவில்லை என்று பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கே போய்விட்டார். அந்தப் பலகை இன்றுவரை திரும்பி வரவில்லை.

பட்டியல் என்றால் என்னவென்று யூடீனுக்குப் பத்து வயதிலேயே தெரியும். பார்படோஸ் தீவின் வடகோடியில் செயின்ட் லூசியில் பிறந்தவர். அப்பா கரும்பு வெட்டுகிறவர். உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு முடிவு வந்தபோது, தேறியவர்கள் பட்டியலில் யூடீனின் பெயர் இல்லை. பெண்ணுக்குப் படிப்பு வரவில்லை போலிருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், அப்பாவைத் தவிர. அவர் வேலை உடுப்போடு எட்டு மைல் நடந்து கல்வி அலுவலகத்துக்குப் போனார். தட்டெழுதியவர் ஒரு வரியை விட்டுவிட்டார் என்று அங்கே தெரிந்தது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. பேனாவால் ஒரு பெயரைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். கரும்பு வெட்டுகிறவரின் நேரத்துக்கு அந்தக் காலத்தில் அவ்வளவுதான் மதிப்பு. இப்போதும் அதிகம் ஏறிவிடவில்லை.

பத்தொன்பது வயதில் யூடீன் தேவாலயத்துக்குப் போவதை நிறுத்தினார். சண்டை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பொது நூலகத்துப் புத்தகங்கள் அதிகம் சொன்னதாகத் தோன்றியது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வங்கியில் தட்டெழுத்தராகச் சேர்ந்து, இரண்டாம் ஆண்டே அந்த உயர நாற்காலிக்கு வந்தார்.

ஆறாம் ஆண்டில் ஒரு தவறு செய்தார். அப்போதைய செயலர் ஒரு பக்கத்தைக் காட்டி, இதை ஒரு வரி குறைத்துத் திரும்ப எழுது, பழையதைக் கிழித்துவிடு என்றார். யூடீன் எழுதினார், கிழித்தார். ஒரு சின்னத் தீவு ஏதோ கேட்க விரும்பியது, கூப்பிடப்படவில்லை. அது என்ன கேட்க இருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. அதனால் என்ன கெட்டது என்றும் தெரியவில்லை. எதுவுமே தெரியாமல் போனதுதான் அவரை வருடக்கணக்காக அரித்தது. மறு ஆண்டிலிருந்து புது நோட்டு வந்தவுடன் எல்லாப் பக்கத்துக்கும் தன் கையால் மையில் எண் போட ஆரம்பித்தார். ஒரு பக்கம் போனால் எண் காட்டிக்கொடுக்கும். ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை.

1997-ஆம் ஆண்டுக் கூட்டம் பார்படோஸிலேயே, கடற்கரை விடுதி ஒன்றில் நடந்தது. தேவாலயத்திலிருந்து ஓர் ஆர்ச்டீக்கன் வந்து, கூடியிருப்போருக்கு ஞானத்தைத் தரும்படி இறைவனை ஏழு நிமிடம் வேண்டினார். அதற்குள் இரண்டு வடக்கத்திப் பிரதிநிதிகள் செய்தித்தாளின் பின்பக்கத்தைப் படித்து முடித்தார்கள். பிரார்த்தனையை யூடீன் நோட்டில் ஏற்றுவதில்லை. கடவுளிடம் பேச யாரும் பலகையை நிமிர்த்தத் தேவையில்லை.

அன்றைய ஏழாம் தீர்மானம் முறையீட்டுக் குழு பற்றியது. வங்கியின் திட்டத்தால் யாராவது பாதிக்கப்பட்டால், அவர்கள் போய் முறையிட வெளியாட்கள் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று இருந்தது. அதை வங்கித் தலைமையின் கீழே கொண்டுவர வேண்டும் என்றது தீர்மானம். அதாவது, யார் மேல் புகாரோ அவரே விசாரிப்பார். கூடவே ஒரு வரி: நிலுவையில் உள்ள முறையீடுகள் இன்றோடு காலாவதியாகும்.

நிலுவையில் இருந்தது ஒன்றே ஒன்று. செயின்ட் பிளேஸ் என்ற சின்னத் தீவில், ஆன்ஸ் மாரி என்ற கரையிலிருந்து நூற்று நாற்பது மீனவக் குடும்பங்களைச் சுற்றுலாக் கப்பல் துறைக்காக அப்புறப்படுத்தியிருந்தார்கள். புது வீடு கட்டிக் கொடுத்தது உண்மை. ஆனால் மூன்று மைல் தள்ளி, மலை மேல். படகுகள் கீழே, ஆட்கள் மேலே. இறங்கிவரப் பாதை கிடையாது. ஜன்னலைத் திறந்தால் கடல் அழகாகத் தெரியும் என்று திட்ட அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

வங்கியில் ஓட்டு பங்கைப் பொறுத்தது. ஒரு மனிதனுக்கு ஓர் ஓட்டு என்பதெல்லாம் வாக்குச் சாவடியோடு சரி. செயின்ட் பிளேஸின் ஓட்டு நூற்றுக்கு அரையும் கிடையாது. அந்த நாட்டுக்கு அங்கே இருந்த ஒரே ஆயுதம், பலகையை நிமிர்த்தி வைத்து, கூப்பிட்டால் பேசுவது.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அந்தப் பலகை நிமிர்ந்தது. நிமிர்த்தியவர் அமைச்சர் இல்லை. அவருடைய மாற்றுப் பிரதிநிதி டெல்ஃபின் ஓஜியே, நிதித்துறைச் செயலாளர், நாற்பது வயதுப் பெண். அமைச்சருக்கு அன்று காலை சரியாக அந்த நேரம் பார்த்து வயிற்றுவலி வந்து அறையில் படுத்திருந்தார். புதிதாகச் செய்த வழவழப்பான பலகை நிற்காமல் விழுந்தது. டெல்ஃபின் மறுபடி நிமிர்த்தினார். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை அதைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

யூடீன் எழுதினார்: 11.42, செயின்ட் பிளேஸ். சீட்டைச் செயலர் கார்லைல் ஸீலியிடம் நீட்டினார். ஸீலி படித்தார். நான்காக மடித்தார். தண்ணீர்க் குவளையைத் தூக்கி, சீட்டை அடியில் வைத்து, குவளையை அதன்மேல் இறக்கினார்.

அன்றைய தலைவர் ஒரு வடக்கத்தி நாட்டின் துணையமைச்சர். மத்தியானம் விமானம் பிடிக்க வேண்டியவர். "ஆட்சேபணை எதுவும் இல்லைன்னு எடுத்துக்கறேன். நிறைவேறியது," என்று சுத்தியலைத் தட்டினார். மணி பதினொன்று நாற்பத்தைந்து. கையில் பலகையோடு டெல்ஃபின் எழுந்து நின்றார். அதற்குள் எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டதால் அவர் நின்றது யாருக்கும் தனியாகத் தெரியவில்லை.

அமைச்சர்களுக்கு மாடியில் விருந்து. ஊழியர்களுக்குச் சமையலறைக்குப் பின்னால் நீள மேசை. மக்ரோனி பை, பொரித்த பறக்கும் மீன், குடிக்க மரப்பட்டை போட்டுக் காய்ச்சிய மோபி. ஒலிபெருக்கி பார்க்கும் ஓஸ்மண்ட் கிரீனிட்ஜ் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன மிஸ் இயர்வுட், தட்டையே முறைச்சுப் பாக்குறீங்க? அப்படிப் பாத்தா மக்ரோனி சூடாயிடுமா?"

"சும்மா இரு ஓஸ்மண்ட்."

"நான் சும்மாத்தான் இருக்கேன். கண்ணாடி அறைக்குள்ள உக்காந்து எல்லாத்தையும் சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தக் குவளையையும் சேத்துத்தான்."

யூடீன் பதில் சொல்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு டெல்ஃபின் உள்ளே வந்தார். பிரதிநிதிகள் அந்தப் பக்கம் வருவதில்லை. ஒரு சமையல்காரர் அவசரமாகக் கைப்பிடித் துணியை உதறி நாற்காலியைத் துடைத்தார்.

"ஓரத்துல உசந்த நாற்காலியில இருந்தது நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"என் பலகையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எழுதினீங்களா?"

யூடீன் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த நோட்டைப் பத்தி நான் செயலர்கிட்ட மட்டுந்தான் பேசலாம், மேடம். விதி அப்படி."

"எழுதாம விடுவாங்களா?" என்றார் ஓஸ்மண்ட். "ஈ வந்து மேசையில உக்காந்தாக்கூட மணி போட்டு எழுதுற ஆளு மேடம் இவங்க."

"ஓஸ்மண்ட்!"

"அந்தப் பலகை ஒரு சனியன்," என்று டெல்ஃபின் உட்கார்ந்தார். "ரெண்டு தரம் குப்புற விழுந்துச்சு. கடைசியில பால்குடிப் பிள்ளையப் பிடிச்சுக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"உங்க ஊர் கிரிக்கெட் டீம் மாதிரியே இருக்கே. நிக்கவே மாட்டேங்குது."

"வாய மூடுங்க அண்ணே. போன வருஷம் உங்க ஆளுங்களை நாப்பத்தொம்பது ரன்னுக்குச் சுருட்டினது யாராம்?"

"அது மழை, மேடம். வெறும் மழை."

டெல்ஃபின் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். செயின்ட் பிளேஸ் அமைச்சரவையின் முடிவு, முத்திரையோடு: ஆன்ஸ் மாரி மக்களின் முறையீடு தொடர வேண்டும் என்று கூட்டத்தில் கேட்கவும்.

"இது என் சொந்த ஆசை இல்ல. அமைச்சரவை சொன்னது. எங்க அமைச்சருக்கு இதைப் படிக்கப் பிடிக்கல, அதான் வயித்துவலி. சரி, நான் படிச்சுடறேன்னு வந்தேன். ஒரே ஒரு வாக்கியம். அதுக்குக்கூட இங்க இடமில்ல. நாளைக்கு நடவடிக்கைக் குறிப்பை அங்கீகரிச்சுட்டாங்கன்னா அந்த நூத்தி நாப்பது குடும்பம் யார்கிட்டயும் போக முடியாது. புதுக் குழுவுக்குப் பழைய புகார் செல்லாது."

யூடீன் கடிதத்தைத் தொடவில்லை. தலைகீழாகவே படித்தார், இருபத்தாறு ஆண்டுப் பழக்கம்.

அன்று மத்தியானம் அமர்வு இல்லை. மூன்று மணிக்கு ஸீலி கூப்பிட்டு அனுப்பினார். அவரும் கரும்புத் தோட்டத்து வீட்டில் பிறந்தவர்தான். படித்து மேலே வந்தவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. வங்கியின் எல்லா விதியும் எண்ணோடு மனப்பாடம். கெட்டவர் என்று யூடீன் அவரை ஒருநாளும் நினைத்ததில்லை.

மேசைமேல் காலை அமர்வின் பேச்சாளர் பட்டியல் தட்டெழுதித் தயாராக இருந்தது. பத்து வரி. நோட்டில் பதினொன்று.

"ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, யூடீன்."

"ஒரு வரி குறையுது, சார்."

"தெரியும்." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பாருங்க. இந்தத் தீர்மானம் நிறைவேறினாத்தான் வடக்கத்தி ஆளுங்க சலுகைக் கடன் நிதிக்குப் பணம் போடுவாங்க. அதை வெச்சுத்தான் எட்டுத் தீவுல ஆஸ்பத்திரி வரணும். சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சாகணும்னு நேத்தே பேசி முடிவாயிடுச்சு. அந்தம்மா பேச ஆரம்பிச்சிருந்தா இன்னும் நாலு பலகை நிமிந்திருக்கும். நூத்தி நாப்பது வீட்டுக்காக எட்டு ஆஸ்பத்திரிய விட்டுடறதா?"

"அதை அவங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணியிருக்கலாமே சார். அதுக்குத்தானே கூடியிருக்காங்க."

"யூடீன், இங்க எது முடிவாகணுமோ அது நடைவழியிலயே முடிவாயிடும். மண்டபத்துல படிக்கிறது மட்டுந்தான். இது உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன? ஆவணக் கிடங்குக்கு ஆள் வேணும்னு கேக்கறாங்க. உங்களை அனுப்பக்கூடாதுன்னு நான்தான் ரெண்டு வருஷமாத் தடுத்துட்டிருக்கேன்."

யூடீன் தட்டெழுதிய தாளை நேராக்கி மேசை விளிம்போடு சேர்த்து வைத்தார்.

"பட்டியல்ல கையெழுத்து கடைசி அமர்வு முடிஞ்சப்புறம்தான் சார் போடறது. ரெண்டு நாளுக்கும் சேத்து. எப்பவும் அப்படித்தான்."

ஸீலி யோசித்தார். அது வழக்கம்தான். வழக்கத்தை மீறச் சொல்லி அவர் யாரையும் கேட்டதில்லை. தன்னால் வழக்கம் மாறியது என்று பெயர் வாங்குவதும் அவருக்குப் பிடிக்காது. "சரி. நாளைக்கு முடிஞ்ச உடனே," என்றார். நோட்டையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. மறுநாள் அமர்வுக்கு அது வேண்டுமே.

வீட்டுக்குப் போகும் வேனில் பாட்டு காதைப் பிளந்தது. நான்கு பேர் உட்காரும் இடத்தில் ஆறு பேர். "சின்னதா ஆயிக்கோங்க, மம்மி, சின்னதா ஆயிக்கோங்க!" என்று நடத்துநர் கத்தினார். யூடீன் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். எட்டு ஆஸ்பத்திரி என்பது சின்ன விஷயம் இல்லை. ஸீலி சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் எட்டு ஆஸ்பத்திரி தேவை என்பதற்காக நூற்று நாற்பது குடும்பம் வாயை மூட வேண்டும் என்று யார் கணக்குப் போட்டது? பணம் போடுகிறவன் போட்டான். அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல ஒரு பெண் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரையும் இல்லை என்று எழுதச் சொல்கிறார்கள். எழுதாமல் இருப்பது மட்டும் போதுமா என்பதுதான் யூடீனுக்குத் தெரியவில்லை. நோட்டில் பதினோராம் வரி பத்திரமாக இருக்கும். நடவடிக்கைக் குறிப்பு பத்து வரியோடு அங்கீகாரமாகும். பிறகு நோட்டை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார். திரும்பி நடக்கும்போது அப்பா நடந்த எட்டு மைல் ஞாபகம் வந்தது. அவர் அன்று யாரோடும் சண்டை போடவில்லை. பட்டியலில் மகள் பெயர் எங்கே என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, மண்டபத்தில் துப்புரவாளர்கள் மட்டும் இருந்தபோது, யூடீன் நோட்டில் முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தார். எல்லா ஆண்டும் செய்வது போல, முந்தின பக்கங்களில் குறி விழாத பெயர் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்தார். ஒன்று இருந்தது. புதுப் பக்கத்தின் முதல் வரியாக எழுதினார்: செயின்ட் பிளேஸ், நேற்று 11.42. சீட்டிலும் அதையே எழுதினார். இருபத்தைந்து கூட்டங்களில் இதை எத்தனையோ தடவை செய்திருக்கிறார். இன்று மட்டும் மை நன்றாகக் காயும்வரை காத்திருந்து சீட்டைக் கையில் எடுத்தார்.

நிறைவு அமர்வுக்கு அடுத்த ஆண்டின் தலைவர் தலைமை தாங்குவார். அந்த ஆண்டு அது மிஸ்டர் வீராசமி. கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து ஆள் ஏற்றி வந்த கப்பலில் பாட்டன் வந்திறங்கிய கரையோர நாட்டின் அமைச்சர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். எதிரே வைத்த தாளை எழுத்து விடாமல் படிப்பார்.

நிறைவு அமர்வின் முதல் சீட்டை யூடீனே நேராகத் தலைவர் மேசையில் வைத்துவிடுவது வழக்கம்; கூட்டம் தொடங்கும் முன் செயலர் வாசலில் நின்று அமைச்சர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருப்பார். யூடீன் வைத்தார். தன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஓஸ்மண்ட் தலையை நீட்டிப் பார்த்தார்.

வீராசமி சுத்தியலைத் தட்டினார். முந்தின நாள் நடவடிக்கைக் குறிப்பு அங்கீகாரத்துக்கு வந்தது. "அதுக்கு முன்னாடி, பட்டியலில் இருப்பவங்களைக் கூப்பிடணும்," என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சீட்டைப் படித்தார். "செயின்ட் பிளேஸ். நேற்று, பதினொன்று நாற்பத்திரண்டு."

ஸீலியின் கை குவளைக்குப் போனது. குவளைக்கடியில் இன்று எதுவும் இல்லை.

மண்டபத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. செயின்ட் பிளேஸின் நாற்காலியில் இன்று அமைச்சரே இருந்தார், வயிற்றுவலி தீர்ந்து. பின்வரிசையில் நாலைந்து நிருபர்கள். அமைச்சர் திகைத்துப்போய் டெல்ஃபினைப் பார்த்தார். டெல்ஃபின் அமைச்சரவைக் கடிதத்தை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். ஓஸ்மண்ட் அந்த மேசையின் ஒலிவாங்கியைத் திறந்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

நாங்கள் கேட்கவில்லை என்று சொல்ல அமைச்சருக்கு வழி இருந்தது. ஆனால் சொந்த நாட்டு முத்திரை போட்ட தாள் முன்னால் இருக்கிறது, நிருபர்கள் பேனாவைத் திறந்துவிட்டார்கள், ஊரில் அடுத்த ஆண்டு தேர்தல். ஒரு விநாடி கடிதத்தைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தலைவர் அவர்களே, ஆன்ஸ் மாரி மக்களுக்காக நான் நேத்திலேர்ந்து பேசக் காத்துக்கிட்டிருக்கேன்!" என்றார்.

டெல்ஃபின் குனிந்து கைப்பையில் எதையோ தேடினார். தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

அமைச்சர் அந்த ஒரு வாக்கியத்தைப் படித்தார், கூடவே இருபது வாக்கியம் சொந்தமாகவும் சேர்த்தார். வங்கியின் சட்ட ஆலோசகரைத் தலைவர் கேட்டார். சுத்தியல் விழுவதற்கு முன் பேச அனுமதி கேட்டவர் இருந்தால், அவரைக் கூப்பிடாமல் எடுத்த முடிவு முடிவாகாது என்றார் அவர், விதி பதினான்கு. பலகை சுத்தியலுக்கு முன்னால் நிமிர்ந்ததா பின்னாலா என்று வடக்கத்திப் பிரதிநிதி ஒருவர் கேட்டார். வீராசமி யூடீன் பக்கம் திரும்பினார். இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த நாற்காலியைப் பார்த்து ஒரு தலைவர் கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை.

"பலகை பதினொன்னு நாப்பத்திரண்டு, சார்," என்றார் யூடீன். "சுத்தியல் நாப்பத்தஞ்சு."

"நிச்சயமா?"

"ரெண்டும் ஒரே கடிகாரம், சார். உங்களுக்குப் பின்னால மாட்டியிருக்கு."

யாரோ சிரித்தார்கள். தீர்மானம் திரும்ப விவாதத்துக்கு வந்தது. ஒரு மணி நேரம் பேசினார்கள். ஸீலி பயந்தபடியே இன்னும் மூன்று பலகைகள் நிமிர்ந்தன. முறையீட்டுக் குழு வங்கித் தலைமையின் கீழே போவதை யாராலும் தடுக்க முடியவில்லை, ஓட்டு ஓட்டுதான். ஆனால் கடைசி வரியை மாற்றினார்கள்: நிலுவையில் உள்ள முறையீடு பழைய குழுவிடமே தொடரும். நிதிக்குப் பணம் போட மாட்டோம் என்று வடக்கத்தியார் யாரும் சொல்லவில்லை. எட்டு ஆஸ்பத்திரியும் வந்தன. அந்த வரியை மாற்றினால் ஆஸ்பத்திரி வராது என்று முதலில் சொன்னது யார் என்று பிறகு கேட்டபோது, ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஸீலி வந்து நின்றார். யூடீன் பதினொரு வரியோடு தானே தட்டெழுதிய பட்டியலில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே, மிச்சப் பெயரை ஏத்தப்போறேன்னு."

"எப்பவும் ஏத்தறதுதானே சார். தனியாச் சொல்லணும்னு தோணல."

ஸீலி பட்டியலை வாங்கி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். பிழை எதுவும் இல்லை. "ஆமா, வழக்கம்தான்," என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் மாதம் யூடீனுக்குத் துறைமுகத்துப் பக்கம் இருந்த ஆவணக் கிடங்குக்கு மாற்றல் வந்தது. காரணம் எழுதவில்லை, நிர்வாக வசதி. உயர நாற்காலியில் பிறகு யாரும் உட்காரவில்லை. பொத்தானை அழுத்தினால் திரையில் பெயர் தெரியும் இயந்திரத்தை வாங்கினார்கள். கூப்பிடாத பெயர்கள் அமர்வு முடிந்ததும் அதில் தாமாகவே அழிந்துவிடும். அப்படி அழியக்கூடாது என்று யூடீன் மூன்று பக்கக் குறிப்பு எழுதி அனுப்பினார். கிடைத்தது என்று பதில் வந்தது.

கிடங்கில் மின்விசிறி ஒன்றுதான். தாள் பறக்கும் என்று அதையும் மெதுவாகத்தான் வைக்க வேண்டும். ஓஸ்மண்ட் மாதத்துக்கு ஒருமுறை உப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு வருவார். "எப்படி இருக்கு சிறைச்சாலை?" என்பார். "இங்க எல்லாரும் அமைதியானவங்க. யாரும் ஒலிவாங்கிக்குச் சண்டை போடறதில்ல," என்பார் யூடீன்.

ஒன்றரை ஆண்டு கழித்து, 1999 மார்ச்சில், பழைய முறையீட்டுக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆன்ஸ் மாரிக்குக் குழு நேரில் போய்ப் பார்த்தாகிவிட்டது. மலையிலிருந்து கரைக்குப் பாதையும், படகு நிறுத்த இடமும், திரும்பிவர விரும்பும் குடும்பங்களுக்குக் கரையோரம் நிலமும் கொடுக்கச் சொல்லப்போகிறார்கள். ஆனால் அந்த முறையீடு 1997-லேயே காலாவதியாகிவிட்டது, மாற்றிய தீர்மானமே முறைப்படி வந்ததில்லை என்று கப்பல் துறையைக் கட்டிய நிறுவனத்தின் வக்கீல்கள் வாதாடுகிறார்கள். ஆகவே, செயின்ட் பிளேஸ் பேச அனுமதி கேட்ட நேரத்துக்கான மூல ஆவணம் இருந்தால், சான்றிட்ட நகல் தேவை.

யூடீன் ஏணியை நகர்த்தி, மூன்றாம் அடுக்கிலிருந்து நோட்டை இறக்கினார். 11.42 என்று எழுதிய முப்பத்தொன்றாம் பக்கம் இருந்தது. அதற்கு முன் முப்பதும், பின் முப்பத்திரண்டும் இருந்தன. மூன்று பக்கங்களையும் நகல் எடுத்தார். ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, தேதி போட்டு, முழுப் பெயரையும் தெளிவாக எழுதினார். பிறகு மத்தியானத் தபாலுக்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, உறையை ஒட்டினார்.